எங்கள் காருக்கு ஒரு மூடி

இடது காது போனது போனதுதான், வலது காதையாவது வைத்துக்கொள்ளப் பாருங்கள் என்று யாழ்ப்பாணத்துக் காது டொக்டர் என் கணவரிடம் சொன்னார். மருந்து ஏதும் இல்லையா என்று நான் கேட்டேன். வருடக்கணக்காகக் கப்பலின் இயந்திர அறைக்குள் நின்றவர்களுக்கு வருகிற கேடு இது, மருந்து கிடையாது, பெரிய சத்தத்துக்குள் போகாமல் இருந்தால் மிச்சம் கொஞ்சக் காலம் நிற்கும், நிற்காமலும் போகலாம் என்றார். இவ்வளவையும் மேசையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். காது கேளாத மனிதனுக்குக் குசுகுசு என்று வைத்தியம் சொல்கிற டொக்டரை நான் அன்றுதான் கண்டேன். "என்னவாம்?" என்று இவர் என் முகத்தைப் பார்த்தார். வெளியே வந்து ஆஸ்பத்திரி மதிலோடு நின்று நான்தான் கத்திக் கத்திச் சொன்னேன். அந்த வழியால் போன சனத்துக்கெல்லாம் எங்கள் வீட்டு விஷயம் தெரிந்துபோயிற்று.

பெரிய சத்தம் கூடாது என்று கேட்டுவிட்டு அந்த மனிதன் போய் ஏறியது எங்கே? எங்கள் தீவுப்பகுதியிலேயே பெரிய சத்தம் போடுகிற தன் காருக்குள். மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தை விட்டுவிட்டுத் தன் நாட்டுக்குப் போன ஒரு வெள்ளைக்காரனிடம் வாங்கிய சிவப்புக் கார். இரண்டு பேர்தான் இருக்கலாம். கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்து மூட ஒரு கன்வஸ் துணி, அதுவும் கிழிசல். கப்பலில் இருந்த காலம் முழுக்க இப்படி ஒரு காரில் கடலோரமாகப் போவதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாராம். காரில் நான் இருப்பது அவருடைய இடது பக்கம், செத்த காதின் பக்கம். நல்ல காது வெளிப் பக்கம், காற்று வந்து அறைகிற பக்கம். அதனால் காருக்குள் நான் சொன்ன எதுவும் அவருக்கு என்றைக்குமே விளங்கியதில்லை.

"உந்தச் சனியனை வித்துத் துலையுங்கோ," என்றேன்.

"வித்துப்போட்டு? பஸ்ஸிலை போறதோ? பஸ் இதைவிடச் சத்தம்."

"அப்ப வீட்டிலை இருங்கோ."

"நாலு சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கவோ நான் கப்பலாலை இறங்கினனான்? சும்மா இரும். சத்தத்தைக் குறைக்க ஏலும்."

எங்கள் கரையில் வள்ளம் கட்டுகிற ஒருவர் இருந்தார். பைபர் வள்ளங்கள் புதிதாக வந்த காலம் அது. அந்த வேலையையும் பழகி வைத்திருந்தார். அவரைப் பிடித்து, வள்ளத்தைக் கவிழ்த்த மாதிரிக் காருக்கு ஒரு மூடி செய்து தரச் சொன்னார் இவர். செய்து வந்தது. நான்கு திருகாணி போட்டுப் பூட்டினார்கள். பார்வைக்கு வடிவுதான், அதை நான் மறுக்கவில்லை. பக்கத்து ஊர் மண்கும்பான் வரை ஓடிப் பார்த்தோம். ஐயோ, மேளத்துக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது! மூடி அதிர்ந்தது. முன் கண்ணாடியும் மூடியும் சேருகிற இடுக்கில் காற்று விசில் அடித்தது. பின்பக்கத்து ஆணிகள் கடகடத்தன. இருக்கைக்குக் கீழே சில்லுகள் உறுமின.

"முந்திச் சத்தம் வெளியிலை போனது. இப்ப உள்ளுக்கை பூட்டி வைச்சிருக்கிறியள்!" என்று கத்தினேன்.

அவர் சளைக்கவில்லை. இயந்திரம் பார்த்த மனிதன், சத்தம் எந்த இடத்தில் பிறக்கிறது என்று தேடத் தொடங்கினார். மூடியின் உட்பக்கம் முழுக்க என் பழைய கம்பளிப் போர்வையை வெட்டி ஒட்டினார். சைக்கிள் டியூப்பைக் கீறி விளிம்பு சுற்றிவரக் கொடுத்தார். ஆணிக்கு ஆணி ரப்பர் செருப்புத் துண்டு வைத்தார். சாக்கைத் தாரில் தோய்த்து அடித்தட்டில் விரித்தார்; ஒரு கிழமை என் சேலையெல்லாம் தார் மணம். முன் இடுக்கில், வள்ளத்துப் பலகைக்கு அடைக்கிற மாதிரிப் பஞ்சை வைத்து அடைத்தார். ஒவ்வொரு வேலை முடிந்ததும் என்னை ஏற்றிக்கொண்டு மண்கும்பானுக்கு ஒரு ஓட்டம். திரும்பி வந்து வாசலில் நிறுத்தி, என் பக்கம் முழுக்கத் திரும்பி, "இப்ப எப்பிடி?" என்பார்.

"அப்பிடியேதான் கிடக்கு," என்பேன். எனக்குப் பொய் சொல்ல வராது, அவர் சொல்வதற்கு ஓம் போடவும் வராது.

"இல்லை, குறைஞ்சிருக்கு. வடிவாத் தெரியுது. உமக்கு என்ரை வேலை எண்டால் பகிடி."

இப்படியே மாதங்கள் போயின. அவருக்கு நாளுக்கு நாள் புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. இரைச்சல் பாதிக்குப் பாதி என்பார். விசில் நின்றே விட்டது என்பார். அந்த விசிலோ என் மண்டையைத் துளைத்துக்கொண்டிருந்தது. இந்த மனிதனுக்கு விசர் என்று நினைத்தேன். கடைசியில் வழக்கு வள்ளக்காரரிடம் போயிற்று. அவர் என் இடத்தில் ஏறி ஒரு சுற்றுப் போய் வந்தார். இறங்கியதும் தலையைச் சொறிந்தார். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறதால் ஊரில் எல்லாருக்கும் நான் ரீச்சர்தான்.

"எனக்கெண்டால் பெரிய வித்தியாசம் தெரியேல்லை, ரீச்சர். சிலவேளை அண்ணைக்குத் தெரியுதோ என்னவோ."

நான் கை தட்டிச் சிரித்தேன். வென்றுவிட்ட சந்தோஷம் எனக்கு.

மறு கிழமை இன்னும் கொஞ்சம் ரப்பர் வாங்க யாழ்ப்பாணம் போனோம். பண்ணைப் பாலத்தில், இரண்டு பக்கமும் கடல், எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ். ஹோர்ன் அடித்தான். இவர் விலகவில்லை. திரும்ப அடித்தான். வேண்டுமென்றுதான் வழி விடாமல் போகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. பஸ்காரனோடு தனகிச் சண்டைக்கு இழுப்பது அவருக்குப் பழக்கம். பிறகு அவன் கையை எடுக்காமல் நீளமாக அடித்தான். மூடி முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது, நான் காதைப் பொத்தினேன். அப்போது இவர் ஒரு கையை ஸ்டியரிங்கில் இருந்து எடுத்து மூடியைத் தட்டிக் காட்டினார்.

"கேட்டீரோ? ஒரு சத்தமும் இல்லை. வீட்டுக்குள்ளை இருக்கிற மாதிரி!"

அவருடைய முகத்தைப் பார்த்தேன். பகிடி விடவில்லை. அவ்வளவு நிம்மதியான முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. தோளைத் தட்டிக் கையால் கரையைக் காட்டினேன். அவர் ஒதுக்கினார். பஸ் உரசிக்கொண்டு போனது. கொண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு, "என்ன, காது செவிடோ?" என்று கத்தினான். இவர் அவனைப் பார்த்துச் சிரித்துக் கை காட்டினார்.

மாதாவே, இவ்வளவு காலமும் குறைந்துகொண்டு வந்தது எது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ரப்பர் வாங்கினோம். இனி அது ஒன்றுக்கும் உதவாது என்று தெரிந்தும் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் நிறுத்தினார். வழக்கம்போல முழுக்கத் திரும்பினார்.

"இப்ப எப்பிடி?"

அவருடைய கண் என் வாயில் இருந்தது. முகத்தைப் பார்க்கிறவர் எப்போது வாயைப் பார்க்கத் தொடங்கினார் என்று எனக்குத் தெரியவில்லை.

"ஓம்," என்றேன். "சத்தமே இல்லை. நல்ல அமைதி."

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே நின்றது. கலியாணம் கட்டின நாளில் இருந்து அவர் சொன்ன ஒன்றையும் நான் சண்டை பிடிக்காமல் ஒத்துக்கொண்டதில்லை. அது அவருக்குத் தெரியாதா? என்னைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். கோயில் மணி அடித்தது. நான் சிலுவை போட்டேன். அதைக் கண்ட பிறகுதான் அவரும் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார்.

"அப்ப வேலை முடிஞ்சுது," என்றார்.

அடுத்த நாள் காலை வள்ளக்காரரைக் கூப்பிட்டு இரண்டு பேருமாக மூடியைக் கழற்றி முருங்கைக்குக் கீழே கவிழ்த்து வைத்தார்கள். இவ்வளவு பாடுபட்டுவிட்டு ஏனண்ணை என்று வள்ளக்காரர் கையாலும் வாயாலும் கேட்டார்.

"இனி இது என்னத்துக்கு? ரீச்சருக்குக் கொஞ்சம் காத்துப் படட்டும்."

ஞாயிறு பூசை முடிந்து என்னை மண்கும்பானுக்குக் கூட்டிக்கொண்டு போனார். திறந்த கார். காற்றும் இயந்திரமும் சில்லுமாக எல்லாச் சத்தமும் என் தலையில் வந்து கொட்டியது. "மெதுவாப் போங்கோ!" என்று பழக்கதோஷத்தில் கத்தினேன். அவர் றோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து வாசலில் நிறுத்தினார். "இப்ப எப்பிடி?" என்று வரும் என்று நான் கதவைத் திறக்காமல் இருந்தேன். அவர் இறங்கி வீட்டுக்குள் போய்விட்டார்.