மோட்டாரை நிறுத்தச் சொன்னவர்

பிரேமா மேடம் காலமான செய்தி நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். குரோம்பேட்டை மருத்துவமனை ஒன்றில் மாதக்கணக்காகச் சிகிச்சை எடுத்திருக்கிறார். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. போன வாரம்கூட, மாடிப்படிக் கைப்பிடி ஆடுவதை ஏன் இன்னும் சரிசெய்யவில்லை என்று போனில் என்னைக் காய்ச்சி எடுத்தார். எங்கிருந்து பேசினார் என்பது இப்போதுதான் தெரிகிறது.

முன்பு அவர் குடியிருப்போர் சங்கத் தலைவராக இருந்தபோது நான் செயலாளர். அவரோடு வேலை செய்வது எவ்வளவு பெரிய அவஸ்தை என்பது உங்களுக்கே தெரியும். வீட்டு வேலைக்கு வருபவர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது என்று ஒருமுறை பெரும்பான்மையோடு தீர்மானம் போட்டோம். மேடம் கையெழுத்திட மறுத்தார். "நான் இருக்கறவரைக்கும் இது நடக்காது முரளி. வேணும்னா என்னை மாத்திட்டு போட்டுக்கோங்க" என்றார். மாற்றியிருப்போம், அந்தப் பதவிக்கு வேறு யாரும் முன்வரவில்லை.

அப்புறம் அந்த மழை. சிட்லபாக்கம் ஏரி நிரம்பி, காலையில் எழுந்து பார்த்தால் நம் கார்கள் நிற்கும் பேஸ்மெண்டில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எப்படியோ அலைந்து ஒரு மோட்டார் பிடித்து வந்து, பைப்பைப் பின்சுவருக்கு வெளியே போட்டு ஓடவிட்டேன். மேடம் படியில் இறங்கி வந்தார்.

"தண்ணி எங்க போகுது?"

"பின்தெருவுக்கு, மேடம்."

குடையை விரித்துக்கொண்டு, முழங்காலளவு தண்ணீரில் பின்தெருவுக்கு நடந்தார். திரும்பி வந்தபோது இடுப்புவரை நனைந்திருந்தார்.

"அங்கெல்லாம் வாசப்படியைத் தொட்டுடுச்சு. இன்னும் கொஞ்சம் விட்டோம்னா வீட்டுக்குள்ள பூந்துடும். மோட்டாரை நிறுத்துங்க."

"மேடம், என் புது கார் உள்ள நிக்குது!"

"என்னுதும்தான் நிக்குது. நிறுத்துங்க முரளி."

நிறுத்தினேன். சுற்றி நின்றவர்கள் என்மேல் பாய்ந்தார்கள். மேடம் குறுக்கே வந்து நின்றார். "அவரை விடுங்க. முடிவு என்னுது. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க." தாராளமாகத் திட்டினார்கள். கார்கள் எல்லாம் மூழ்கின. என் காரை நினைத்து நான் பல வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த பொதுக்குழுவில் அவரை இறக்கிவிட்டு என்னைத் தலைவராக்கினார்கள்.

பின்தெருவில் இந்த விஷயம் இன்றுவரை யாருக்கும் தெரியாது. "நீங்களாவது அவங்ககிட்ட சொல்லக்கூடாதா மேடம்?" என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன். "எதுக்கு? அவங்க வீட்ல தண்ணி விடாததுக்கு எனக்கு நன்றி சொல்லணுமா?" என்று திருப்பிக் கேட்டார். இந்த மனுஷியிடம் என்ன பேச முடியும்?

இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள் சங்கக் கூட்டம். குப்பைத் தொட்டிகளை வாசல் கேட்டுக்கு வெளியே மாற்றுவது என்று ஒரு தீர்மானம். எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் வீட்டுக்குப் போயிருக்கலாம். "எதிர்வீட்டுக்காரங்களைக் கேட்டீங்களா?" என்று ஒரு குரல் எழுந்தது. என் குரல்தான். கூட்டம் இழுத்துக்கொண்டே போனது. எல்லோரும் என்னை முறைத்தார்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தத் தொல்லைதான். இதை யாரிடமும் தள்ளிவிடவும் மனம் வரவில்லை.