எடுக்காமல் விட்ட ஆணிகள்

பஞ்சர் கடை வைத்திருப்பவன் ரோட்டில் ஆணி பொறுக்கினால் ஊர் என்ன சொல்லும்? பைத்தியம் என்றுதான் சொல்லும். வடமாலபேட்டையில் இஸ்ரேலையும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள். பிறகு நல்ல மனுஷன் என்றார்கள். இந்த இரண்டாவது பேர் அவனைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

சென்னை ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று பாலத்துக்கிட்டே கம்பெனிக்காரர்கள் தோண்டிப் போட்டிருந்த காலம். கான்கிரீட் இறுகியதும் பலகையைப் பிடுங்கி ஓரமாக வீசுவார்கள். அதில் ஆணி அப்படியே நிமிர்ந்து நிற்கும். கம்பி கட்டுகிறவர்கள் வெட்டிப் போட்ட துண்டெல்லாம் ஜல்லியில் கலந்து கிடக்கும். டிப்பர் லாரி போகிற போக்கில் அத்தனையையும் தார் ரோட்டுக்கு இழுத்து வந்துவிடும். பாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இஸ்ரேலின் கடை. பால்காரர் கங்கையாவின் வண்டி ஒரே வாரத்தில் மூன்றாவது தடவையாக அங்கே உட்கார்ந்துவிட்டபோது, அவர் பொறுமையிழந்து நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார்.

"ஏமய்யா, ஆணிய நீயே போட்டுக்கினு நீயே எடுக்கறியா?"

இஸ்ரேலுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மறுநாளே பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றிக் கயிற்றில் கட்டினான். காலை ஆறு மணிக்குப் பாலத்திலிருந்து புளியமரம் வரை ரோட்டோரமாக அதை இழுத்துக்கொண்டு நடப்பான். ஒட்டிக்கொண்டதையெல்லாம் பெயிண்ட் டப்பாவில் போடுவான். ஆணி நிமிர்ந்த பலகை கிடந்தால் பள்ளத்தில் தள்ளுவான். அதோடு விட்டானா? பஞ்சர் ஒட்ட வருகிறவர்களுக்குப் பிரசங்கம் வேறு. "லாரி பின்னால ஒட்டிக்கினு போவாதீங்க, ரோட்ல கெடக்கறது கண்ணுக்கே தெரியாது. ஓவர்டேக் பண்றேன்னு மண்ணுல எறக்காதீங்க. காத்து எறங்கினா அப்படியே ஓட்டிக்கினு வராதீங்க, டியூபு கிழிஞ்சிரும்." எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். தன் பிழைப்பில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறோம் என்பது மட்டும் அவனுக்கு உறைக்கவில்லை. கடையில் கூட்டம் குறைந்தது. குறையாமல் என்ன செய்யும்?

அந்தச் சமயம் பார்த்து அவன் மனைவி கிருபாவதியின் தம்பி ஏசுரத்தினம் குவைத்திலிருந்து லீவில் வந்தான். செண்டு வாசனையும் புது செல்போனுமாகக் காலையிலேயே கடைக்கு வந்து உட்கார்ந்துகொள்வான்.

"இன்னா மாமா, காலைலேர்ந்து ஒரு சைக்கிள்தான் வந்துகிது. ஈ ஓட்டறதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய கம்ப்ரஸரு? பேசாம எங்கூட வந்துடு. விசா நான் பாத்துக்கறேன்."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் இஸ்ரேல் சிரித்திருப்பான். பையன் உண்மையாகவே பாவப்பட்டுச் சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் காலை காந்தம் கடைச் சுவரிலேயே தொங்கியது. இஸ்ரேல் ஒரு ஆணியைக்கூட ரோட்டில் போடவில்லை. எடுக்கவில்லை, அவ்வளவுதான். இதைப் பிற்பாடு அவன் தனக்குத் தானே நூறு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறான். ஒரு தடவையும் எடுபடவில்லை.

இரண்டு நாளில் வண்டிகள் வரிசை கட்டின. இஸ்ரேல் நிமிர்ந்து உட்கார நேரமில்லாமல் டயரைக் கழற்றினான், மாட்டினான். மச்சான் விசாப் பேச்சை எடுக்கவில்லை. "கைல தொழில் கீது மாமா" என்று ஒருநாள் சொல்லவும் சொன்னான். இஸ்ரேலுக்கு உச்சி குளிர்ந்தது.

ஏழாம் நாள் காலை ஒரு வெள்ளை சுமோ பாலத்து இறக்கத்தில் பலகை ஒன்றின் மேல் ஏறியது. இடப்பக்கத்து இரண்டு சக்கரமும் ஒரேயடியாகப் போயின. ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்றில்லை. வண்டியிலிருந்து இறங்கியவன் பக்கத்து ஊர் தமிழரசு. கழுத்தில் மாலை, கையில் பாஸ்போர்ட். கூலி வேலையிலேயே காலம் தள்ளிய குடும்பத்தில் முதல் முதலாக விமானம் ஏறப் போகிறவன். பகல் விமானம். அவன் மனைவி கலைவாணி ரோட்டையும் கடிகாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இஸ்ரேல் ஜாக்கியை இழுத்துக்கொண்டு ஓடினான். டயரைப் பிரித்து உள்பக்கம் விரலால் ஒரு சுற்றுத் தடவினான். எதுவும் மிச்சமிருந்தால் ஒட்டிய டியூப் மறுபடியும் போய்விடும். ஒன்று, இரண்டு, மூன்று ஆணி. பிடுங்கி யாருக்கும் காட்டாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். தண்ணீரில் முக்கி ஓட்டை பார்த்து, தேய்த்து, ஒட்டி, காற்றடித்து, இரண்டையும் மாட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. தமிழரசு பணத்தை நீட்டினான்.

"வச்சுக்கோ தமிழு. மொத மொத வெளிநாடு போறே."

கலைவாணி கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடை இஸ்ரேலால் நேராகப் பார்க்க முடியவில்லை.

விமானம் போய்விட்டது. ஏஜெண்ட் அந்த வேலையை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டான். பதினைந்து நாள் கழித்துத் தமிழரசு அதே பாலத்துக்கிட்டே, கம்பெனி கொடுத்த ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் கொடியோடு நின்றான். லாரியை நிறுத்துவதும் விடுவதும் வேலை. தினமும் பதினோரு மணிக்கு இஸ்ரேல் கடைக்கு வந்து தண்ணீர் குடிப்பான். அங்கே யார் இருந்தாலும் அவர்களிடம், "அண்ணன் மாதிரி ஆளு கெடைக்காது. அன்னிக்கி பத்து பைசா வாங்கல" என்று ஆரம்பித்துவிடுவான். ஏசினால்கூடத் தேவலை என்று இஸ்ரேலுக்கு இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் சாட்சி சொல்லும் நேரத்தில் இஸ்ரேல் எழுந்து நின்றான். "என் மேட்டிமையினாலே ஒரு சகோதரனுக்குத் தீங்கு செய்துவிட்டேன். நான் பெரிய பாவி" என்று கண் கலங்கச் சொன்னான். சபையே "ஸ்தோத்திரம்" என்றது. பாஸ்டர் ஐயர் தோளைத் தட்டிக்கொடுத்தார். வீட்டுக்கு வரும்வரை மனசு லேசாகத்தான் இருந்தது.

கிருபாவதி சோற்றைப் போட்டாள். காந்தம் எந்த வாரம் சுவரில் தொங்கியது என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

"அவன் ரோட்ல நின்னுக்கினு கீறான். நீங்க கோயிலுக்குள்ள நின்னு யாருக்குச் சொன்னீங்க?"

மறுநாள் பதினோரு மணிக்குத் தமிழரசு வந்தான். கடையில் வேறு யாருமில்லை. இஸ்ரேல் டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னான்.

"தமிழு, நான் தெனம் ரோட்ல ஆணி எடுப்பேன். நீ பிளைட்டுக்குப் போன வாரம் மட்டும் எடுக்கல. வேணும்னேதான் எடுக்கல. குவைத்துலேர்ந்து மச்சான் வந்து கடைல குந்திக்கினு இருந்தான். கடை ஓடறாப்பல அவனுக்குக் காட்டணும்னு..."

தமிழரசு தண்ணீரைக் குடிக்கவில்லை.

"அன்னிக்கி கடைல நீ ஒண்டிதானேணா இருந்தே?"

"ஆமா."

"மச்சான் எப்ப போனாரு?"

"முந்தின நாள் சாயங்காலமே சித்தூருக்குப் பஸ் ஏறிட்டான்."

"அப்ப அன்னிக்கி எதுக்கு வுட்டே?"

ஆறு நாளுக்கு இஸ்ரேலிடம் கேடுகெட்ட காரணமாவது ஒன்று இருந்தது. ஏழாம் நாளுக்கு அதுவும் இல்லை. கடை நிறைய வண்டி நிற்பது பிடித்துப் போயிருந்தது, அவ்வளவுதான். இதை அவன் சபையிலும் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை.

தமிழரசு டம்ளரைக் கீழே வைத்தான். குரலில் கோபமில்லை.

"பிளைட்டு போச்சுன்னு கலைவாணி தெனம் அழுவுறா. காசு வாங்காம ஓடி ஓடி வேல செஞ்ச மனுசன் ஒருத்தன் இருந்தான் பாருன்னு சொன்னாதான் கொஞ்சம் அடங்குவா. அந்த நாள்ல எங்களுக்கு மிச்சமானது அது ஒண்ணுதான்ணா. இப்ப வூட்டுக்குப் போய் அவகிட்ட நான் இன்னா சொல்லட்டும்?"

மன்னித்துக்கொள் என்று சொல்ல இஸ்ரேல் வாயைத் திறந்தான். அதையும் தன் மனசு ஆறத்தான் கேட்கப் போகிறோம் என்று பட்டது. மூடிக்கொண்டான். தமிழரசு கொடியை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனான்.