தண்ணீருக்கு முதுகு

விடுமுறைக்கு ஏரிக்கரை வீட்டுக்குப் போனதும் அவள் முதலில் செய்கிற காரியம், சாலைப் பக்கம் ஜன்னல் உள்ள அறையைப் பிடித்துக்கொள்வது. யாரும் போட்டிக்கு வருவதில்லை. மற்றவர்களுக்கு ஏரி தெரிகிற அறைதான் வேண்டும். அதற்காகத்தானே வருஷா வருஷம் அண்ணன் அந்த வீட்டை வாடகைக்கு எடுக்கிறான். அவளுக்குக் கார் நிற்கிற இடமும் குப்பைத் தொட்டியும் தெரிந்தால் போதும்.

வீட்டில் அவளை விசில் என்பார்கள். நகராட்சி நீச்சல் குளத்தில் லைஃப்கார்டு. ஒரு கோடைக்கு மட்டும் என்று சேர்ந்தவள், அந்த உயரமான நாற்காலியில் உட்கார்ந்தபடியே நாற்பதைத் தாண்டிவிட்டாள். குளோரின் பட்டுப் பட்டுத் தலைமுடி எந்தச் சீப்புக்கும் அடங்காமல் வைக்கோலாகிவிட்டது. நடுவில் ஒரு கல்யாணம் நடந்து, முறிந்து, பழங்கதையும் ஆகிவிட்டது. பேசும்போது என் முகத்தைப் பார்ப்பதே இல்லை, என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்பது கணவனாக இருந்தவனின் புகார். பொய்யில்லை. யாரோடு பேசினாலும் கண் தண்ணீரில்தான் இருக்க வேண்டும். தண்ணீருக்கு முதுகு காட்டக் கூடாது. வேலையில் முதல் விதி அது. வீட்டுக்கு வந்தால் கழற்றி மாட்டிவிடுகிற விதியாக அது இல்லை.

குளம் அவளுக்கு இன்னும் இரண்டு விஷயங்களைப் புரியவைத்திருந்தது. கத்துகிறவன் மூழ்குவதில்லை, சத்தமில்லாமல் இருப்பவனைத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, இழுத்துக் கரையேற்றப்பட்டவர்கள் மறுபடி அந்தக் குளத்துக்கு வருவதில்லை. கோபம் ஒன்றுமில்லை. வெட்கம். இத்தனை பேர் பார்க்க, ஈரத் துணி மூட்டை மாதிரி தரையில் கிடந்தோமே என்கிற வெட்கம்.

அப்பா இறந்த பிறகு வந்த முதல் நீண்ட விடுமுறை அது. அப்பாவும் அம்மாவும் சலவைக் கடை வைத்திருந்தவர்கள். ஆயுசு முழுக்க நீராவியில் வெந்தவர்களுக்கு ஏரித் தண்ணீரின் குளிர்ச்சி பெரிய ஆசை. இங்கே வந்தால் விடிந்ததும், மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, இருவரும் இறங்கி ஏரி நடுவில் கட்டியிருக்கும் மர மிதவைவரை நீந்திப் போய்த் திரும்புவார்கள். விசில் ஒருமுறைகூட அதைப் பார்த்ததில்லை. விடுமுறையில் தண்ணீரைப் பார்ப்பதென்றால் அவளுக்கு வேலைக்குப் போவது மாதிரி.

வந்த அன்று சாப்பாட்டு மேஜையில் அம்மா சொன்னாள். "காலைல நான் நீந்தப் போறேன்."

அண்ணன் கரண்டியை வைத்தான். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. நாற்காலியைக் கண்டால்கூட அதிலிருந்து எப்படி விழலாம் என்பதுதான் அவனுக்கு முதலில் தோன்றும்.

"தனியாவா?"

"துணைக்கு இப்ப யாரு இருக்கா?"

அண்ணி ரொட்டித் தட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினாள்.

"உனக்கு எழுபது தாண்டியாச்சும்மா."

"என் வயசு எனக்குத் தெரியாதா? உன்னையே பெத்தவ நான்."

"அத்தை, காலை மட்டும் நனைச்சுக்கிட்டா போதாதா?" என்றாள் அண்ணி.

"கால நனைக்க பாத்ரூம் இருக்கே. அதுக்கா இவ்வளவு தூரம் கார்ல வந்தேன்?"

அண்ணன் தங்கையைப் பார்த்தான். "விசில், நீ ஒரு வார்த்தை சொல்லேன். இது உன் டிபார்ட்மென்ட்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அப்பா போனபின் அம்மா ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வந்தாள். கடையைக் கைமாற்றினாள். மாலை நடையை விட்டாள். பிறகு, பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சைப் பாதியில் விட்டாள். டிவிக்கு எதிரே அவளுக்கென்று ஒரு நாற்காலி தயாராகிவிட்டிருந்தது. இத்தனை மாதத்தில் வாயைத் திறந்து கேட்டது இது ஒன்றைத்தான். இதுவும் போனால் மிச்சம் அந்த நாற்காலிதான்.

"போகட்டும். நான் கரையில உக்காந்துக்கறேன்," என்றாள் விசில்.

"லீவு நாள்ல உனக்குத் தண்ணியக் கண்டாலே ஆகாதேடி," என்றாள் அம்மா.

"ஒரு நாள்தானே. பாத்துக்கறேன்."

காலையில் ஏரி அசையாமல் கிடந்தது. அம்மா வெளுத்துப்போன நீல நீச்சல் உடையில், வெள்ளை ரப்பர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். படகுத்துறை ஏணியில் இறங்கித் தோளில் கொஞ்சம் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டாள். தெருமுனைக் கடைக்குக் கிளம்புகிறவள் மாதிரி "போயிட்டு வரேன்" என்றாள்.

நன்றாகவே நீந்தினாள். தலையை நிமிர்த்தி, அவசரமில்லாமல், வாத்து மாதிரி. இத்தனை வருஷம் இதைப் பார்க்காமல் இருந்தோமே என்று விசிலுக்கு இருந்தது.

பாதி தூரத்தில் அம்மா நின்றாள். மல்லாந்தாள். கைகள் விரிந்தன. அதன்பின் அசைவு இல்லை. தொப்பி அதே இடத்தில் வெள்ளையாக நின்றது. வாயும் தண்ணீரும் ஒரே மட்டத்தில் இருந்தன. சத்தமே இல்லை.

விசில் எழுந்து நின்றாள். மூச்சு ஒன்றை இழுத்தாள். அந்த மூச்சு கழுத்தில் தொங்கிய ஊதலுக்குள் போயிற்று. நீண்ட ஒற்றை ஊதல். வீட்டு ஜன்னல்கள் திறப்பதற்குள் அவள் தண்ணீரில் இருந்தாள்.

பின்பக்கமாக வந்து, தாடைக்கு அடியில் கை கொடுத்துப் பிடித்தாள். அம்மா திடுக்கிட்டுத் தண்ணீரைக் குடித்தாள், கைகால்களை உதறினாள், நகத்தால் கீறினாள். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்.

"அசையாதீங்க மேடம். கைய விடுங்க. நான் பிடிச்சிருக்கேன்."

துறையில் அண்ணன் தூங்கிய உடையோடு மண்டியிட்டு இரு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் கையில் கோப்பையோடு வேலியோரம் வந்து நின்றார்கள். ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். அம்மாவைப் பலகைமேல் ஏற்றிக் கிடத்தினார்கள். தொப்பி கழன்று, நரைத்த முடி முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான் நல்லாத்தான் இருந்தேன்," என்றாள் இருமலுக்கு நடுவே.

யாரும் நம்பவில்லை. இழுத்துவரப்பட்ட எல்லாரும் முதலில் சொல்வது அதைத்தான்.

"போதும்மா," என்றான் அண்ணன். "இனி ஏரிப் பக்கமே வேண்டாம்."

அம்மா மறுத்துப் பேசவில்லை. போர்த்திய கம்பளியோடு டிவிக்கு எதிரே உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள். சூப்பைக் குடிக்கச் சொன்னார்கள், குடித்தாள். சொன்னபடி கேட்கிற அம்மாவை விசில் அதுவரை பார்த்ததில்லை.

மதியம் அவள் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து எதிரே உட்கார்ந்து ஒரு கத்தியை எடுத்துக்கொண்டாள்.

"என்னை மேடம்னு கூப்பிட்ட."

"இல்லையே."

"கூப்பிட்ட. 'அசையாதீங்க மேடம்'னு. பெத்தவளப் பாத்து."

"வேலை வாய்ம்மா அது."

"கழுத்த நெரிச்சது எந்தக் கை? அதுவும் வேலைக் கைதானா?"

விசில் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "நீ ஏம்மா பாதியில நின்ன?"

அம்மா ஒரு கிழங்கை முடித்துத் தண்ணீரில் போட்டாள். "அங்கதான் நிப்போம். வருஷா வருஷம். உங்கப்பாவுக்கு அந்த இடத்துக்கு வந்தா மூச்சு வாங்கும். சொல்ல மாட்டாரு. 'நீ களைச்சிட்ட, கொஞ்சம் படுத்துக்க'ம்பாரு. நானும் களைச்ச மாதிரி மல்லாந்து படுத்துக்குவேன். அவரு மூச்சு அடங்கினதும் 'சரி, போலாங்க'ம்பேன்."

"அவருக்குத் தெரியுமா, நீ நடிக்கறேன்னு?"

"அதை நாங்க பேசிக்கிட்டதில்ல."

"எனக்குத் தெரியாதேம்மா."

"உனக்கெப்படித் தெரியும்? நீ குப்பைத் தொட்டிக்குக் காவலா தூங்கிட்டிருப்ப."

வெளியே யாரோ ஏரியில் கல்லெறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்குப் போம்மா. அண்ணன நான் பாத்துக்கறேன்."

"அவன் கிடக்கான். அவனா என்னை நிறுத்தறவன்?" கத்தி நின்றது. "நீ பாத்துட்டிருப்ப. எப்ப குதிப்பியோன்னு இருக்கும் எனக்கு. அங்க நிக்க முடியாது. நிக்காம போயிட்டு வரதுக்கு நான் எதுக்குப் போகணும்?"

அம்மா மறுபடி நீந்தப் போகட்டும் என்று சாயந்தரம் விசில் அண்ணனிடம் சொன்னாள். அவன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"காலைல அவ்வளவு நடந்தப்புறமுமா?"

"தப்பு என்னோடது. அம்மா நல்லாத்தான் இருந்தா."

வேலையில் ஒருமுறைகூட அவள் அப்படிச் சொன்னதில்லை.

அண்ணன் துணியைப் பிழிந்தான், மறுபடி பிழிந்தான். "அவ்வளவு நிச்சயமா சொல்றியா?"

"சொல்றேன்."

"நீ கரையில இருப்பேல்ல?"

"இருப்பேன்," என்றாள். அது பொய்யில்லை.

ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள் காலையில் அம்மாவின் அறைக் கதவைத் தட்டினாள். கையில் வெள்ளைத் தொப்பி. ஊதலைத் தன் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"நான்தான் வேணாம்னேனே."

"நான் திரும்பி உக்காந்துக்கறேன்."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உன்னால முடியாதுடி."

"பாக்கலாம்."

"பாக்காம இருக்கறதைத்தான் சொல்றேன்," என்று அம்மா தொப்பியை வாங்கிக்கொண்டாள்.

படகுத்துறையில் நாற்காலியை வீட்டைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள் விசில். பின்னால் ஏணி கிறீச்சிட்டது. தண்ணீர் விலகும் சத்தம் கேட்டது. ஒரே சீராக, அவசரமில்லாமல். வாத்து. சத்தம் சிறுத்துக்கொண்டே போயிற்று.

பிறகு நின்றது.

அவள் கண்ணெதிரே இருந்தது வீட்டின் பின்சுவர். சாயம் உரிந்திருந்தது. கொடியில் நேற்றைய துண்டுகள். மேல் ஜன்னலில் அண்ணன் நின்றான். அவன் கண்கள் அவளைத் தாண்டி, அவள் தோளுக்குப் பின்னால், நடு ஏரியில் இருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் கை ஜன்னல் கொக்கிக்குப் போயிற்று. பார்வை அவளிடம் இறங்கிற்று. கேட்டது.

அவள் கையை உயர்த்தினாள். பொறு.

முதுகு முழுக்கக் கண்ணாகிவிட்டது போலிருந்தது. கால் விரல்கள் பலகையைக் கவ்விப் பிடித்தன. சத்தமில்லாமல் இருப்பவரைத்தான் பார்க்க வேண்டும் என்று உடம்பு முழுவதும் சொல்லிற்று. அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஏரியைப் பார்ப்பதும் ஒன்றுதான் என்று அவளுக்குப் பட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். அங்கே யாருடைய மூச்சோ அடங்க வேண்டியிருந்தது. அதற்கு எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.

வெகு தூரத்தில் கை தண்ணீரை அளையும் சத்தம் ஒருமுறை கேட்டது. இன்னொரு முறை. கரைப் பக்கம் வரவில்லை. மிதவைப் பக்கம் போயிற்று.

வெயில் ஏறித் துண்டுகளைத் தொட்டது. அண்ணி எழுந்து அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. விசில் கண்ணைத் திறந்தபோது மேல் ஜன்னலில் அண்ணன் இன்னும் நின்றிருந்தான், நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு.

ஏணி கிறீச்சிட்டது. ஈரக் கை ஒன்று அவள் தோளில் விழுந்தது. அம்மாவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை மறைக்கவில்லை.

"கழுத்து வலிக்குதா?" என்றாள்.

"ரொம்ப," என்றாள் விசில்.