பரமத்தி வேலூரில் ஆறிப்போன டேங்க்

“எங்க ஊட்டுச் சுடுதண்ணிய எங்க அண்ணி திருடறாங்க. நீங்க வந்து கையும் களவுமாப் புடிச்சுக் குடுக்கோணும்.”

எண்பதுகளில் ஒரு மார்கழி மாதம், பரமத்தி வேலூர் நல்லமுத்து எங்கள் சூரமங்கலம் ஆபீஸில் வந்து சொன்ன புகார் இது. வெற்றிலைக் கொடிக்காலும் வாழைத் தோட்டமும் உள்ளவர். புது வீட்டு மாடியில் எங்கள் கம்பெனியின் சோலார் வாட்டர் ஹீட்டரை வைத்திருந்தார். மாலையில் கை வைக்க முடியாத சூட்டில் வரும் தண்ணீர், விடிவதற்குள் பச்சைத் தண்ணீராகிவிடுகிறதாம். பக்கத்து வீடு அண்ணன் செங்கோடனுடையது. நடுவில் ஒரே பழைய சுவர்தான். அண்ணன் மனைவி பாவாயி பைப் போட்டு இழுக்கிறார் என்று நல்லமுத்து தெருவில் நின்றே சொல்லிவிட்டார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுவிட்டது.

“தையில எம்பட புள்ளைக்குக் கண்ணாலமுங்க. பெரியப்பன் வரமாட்டேன்னு சொல்லிப்போட்டாரு,” என்றார்.

சர்வீஸ் வேலையில் இருப்பவன் யாரையும் நம்பமாட்டான். நான் முதலில் வீட்டுக்காரரைச் சந்தேகப்படுவேன், பிறகு பிளம்பரை. நல்லமுத்து வீட்டில் விருந்தாளிகள் குளித்துத் தீர்த்துவிட்டுப் பழியைப் பக்கத்து வீட்டில் போடுகிறார்களோ என்றுதான் பஸ் ஏறும்போது நினைத்தேன். ஃபிட்டிங் செய்தவர்கள் வேறு ஆட்கள், அவர்கள் மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. குழாயைத் திறந்தேன், ஆவி பறந்தது. பொதுச் சுவரில் ஒரு பழைய பைப் அண்ணன் வீட்டுப் பக்கம் போயிருந்தது. “பாத்தீங்களா?” என்றார் நல்லமுத்து. ஒரு நிமிடம் எனக்கும் பாவாயி மேல் சந்தேகம் வந்தது. தட்டிப் பார்த்தேன். அது கிணற்றுத் தண்ணீர் வந்த காலத்துப் பைப், இரண்டு பக்கமும் அடைத்திருந்தது. இருட்டிலேயே மாடியேறி, வீட்டுக்குத் தண்ணீர் போகும் டேங்கின் அவுட்லெட் வால்வை இறுக்கி மூடி, சாவியைப் போல அதன் கைப்பிடியைக் கழற்றி என் பையில் வைத்துக்கொண்டு கீழே வந்து படுத்தேன்.

விடியற்காலையில் கைப்பிடியை மாட்டித் திறந்துவிட்டுக் கீழே வந்து குழாயைத் திருகினால், தண்ணீர் ஜில்லென்று இருந்தது. டேங்கில் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. சூடு மட்டும் போயிருந்தது.

வெளிச்சம் வந்ததும் மறுபடி மாடிக்கு ஏறினேன். கைப்பிடிச் சுவரெல்லாம் பனி ஈரம். கலெக்டர், அதாவது வெயிலை வாங்குகிற கண்ணாடிப் பெட்டி, அது மட்டும் காய்ந்து கிடந்தது. தொட்டால் வெதுவெதுப்பு. இரவெல்லாம் வெட்டவெளியில் கிடந்த கண்ணாடிக்கு ஏது சூடு? டேங்கைப் பார்த்தேன். கலெக்டரின் மேல் விளிம்பை விட ஒரு முழமாவது உயரத்தில் நிற்க வேண்டியது, அதற்குச் சமமாக உட்கார்ந்திருந்தது.

இந்த செட்டில் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் லேசாகித் தானாக மேலே ஏறும். தெர்மோசைஃபன் என்போம். டேங்க் தாழ்ந்திருந்தால் இரவில் ஓட்டம் திரும்பிவிடும். கலெக்டரில் குளிர்ந்த தண்ணீர் கனத்து இறங்க, டேங்கின் சுடுதண்ணீர் அந்த இடத்துக்கு வரும். பகலில் வாங்கிய சூட்டை அதே கண்ணாடி இரவில் வானத்துக்கு விட்டுவிடும்.

“டேங்க் ஸ்டாண்டோட உயரத்தை யார் குறைச்சது?” என்றேன்.

நல்லமுத்து தலையைச் சொறிந்தார். “நாந்தானுங்க கொத்தனாருகிட்டச் சொன்னேன். எங்க டேங்கி அண்ணன் ஊட்டு மாடிய விட உசந்து நின்னா மரியாதையா இருக்குமுங்களா?”

எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. பக்கத்து மாடியில் சத்தம் கேட்டுச் செங்கோடனும் பாவாயியும் வந்து நின்றிருந்தார்கள். அவர்களையும் கண்ணாடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, விஷயத்தை விளக்கினேன்.

செங்கோடன் தம்பியைப் பார்த்தார். “என்றகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே தூக்கி வெச்சிருப்பேனேடா.”

பாவாயி என்னிடம்தான் பேசினார். “ஏனுங்க தம்பி, அப்ப நானு திருடலீங்களா?”

“இல்லீங்கம்மா.”

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. அன்னிக்கு அவரு சத்தமாத்தான் சொன்னாரு.”

தெருவுக்குக் கேட்கும்படி சொன்னேன். நல்லமுத்து குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

அன்றே டேங்கை உயர்த்தினோம். மறுநாள் விடிகாலையில் சுடுதண்ணீர் வந்தது. புதிதாக வரும் ஃபிட்டர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தண்ணீர் ஆறினால் முதலில் லெவலைப் பாருங்கள். வீட்டுக்காரர் யார் பெயரையாவது சொல்ல வாயெடுத்தால், பார்த்து முடிக்கும்வரை சொல்ல விடாதீர்கள்.

தையில் கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். செங்கோடன் முன்னால் நின்று எல்லாம் செய்தார். பாவாயியும் வந்து கல்யாணப் பெண்ணுக்குத் தலைவாரிப் பூ வைத்தார். நல்லமுத்து தானே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அண்ணியிடம் நீட்டினார். பாவாயி அதை வாங்கிப் பக்கத்தில் நின்ற ஒரு உறவுக்காரப் பெண்மணியிடம் கொடுத்துவிட்டார். அந்த வீட்டில் அவர் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.