இலாஸ்டிக்கில் கோத்த கருகமணி

ராசம்மாவின் விரல்கள் இலாஸ்டிக் நூலில் கருகமணி கோத்துக்கொண்டிருந்தன. வட்டகொடைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போன தாய்மாரின் ஏழு குழந்தைகள் ஏணைகளில் தூங்கின. அவர்களைப் பார்த்துக்கொள்வது பதினெட்டு வருடமாக அவள் வேலை. கண்ணூறு படாதிருக்க மணி வளையல் கோத்துக் கட்டிவிடுவது அவளாக இழுத்துப் போட்டுக்கொண்டது.

முன்பு நைலோன் நூலில்தான் கோப்பாள். ஒவ்வொரு மணிக்கும் பின்னால் ஒரு முடிச்சு. ஒரு வளையல் முடிய இரண்டு நாள். இலாஸ்டிக் என்றால் பத்தே நிமிடம், கை பெருத்தாலும் நெகிழ்ந்து கொடுக்கும். தலவாக்கலையில் அதை விற்ற ராசிக் மட்டும் தயங்கினார்.

"கண்ணாடி மணிக்கு இது சரிவராது அக்கா. ஓட்டை விளிம்பே அறுத்துரும்."

"நீங்க நூல வித்தாப் போதும் தம்பி."

அந்த வியாழக்கிழமை தனுஜாவின் எட்டு மாத மகள் கையில் கிடந்த வளையல் அறுந்தது. சிமெந்துத் தரையில் மணி உருளும் சத்தம் கேட்டு ராசம்மா திரும்பினாள். குழந்தை அழவில்லை, உதடு நீலம் பாரித்திருந்தது. முன்கையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்தி, தோள்களுக்கு நடுவே தட்டினாள். மூன்றாவது தட்டில் மணி வெளியே விழுந்தது. பிறகுதான் அழுகை வந்தது.

பத்து மணிக்குத் தனுஜா பால் கொடுக்க வந்தாள்.

"மணி அறுந்துருச்சு. வாயில போட்டுச்சு, எடுத்துட்டேன்," என்றாள் ராசம்மா.

"கண்ணூறு கழிஞ்சிருச்சு அக்கா. புள்ளைக்கு வந்தத உங்க மணி வாங்கிக்கிருச்சு."

கூட வந்த வேலாயி, "ராசியான கை. எம் மகனுக்கும் ஒன்னு கோத்துக் குடுங்க," என்றாள்.

ராசம்மாவுக்கு முகம் காந்தியது. சின்னப் பொருள் எதுவும் பிள்ளைக்கு எட்டக் கூடாது என்பதுதான் பயிற்சியில் அவள் படித்த முதல் பாடம். அவளோ கையிலேயே கட்டிவிட்டிருந்தாள். தனுஜா நன்றிக்கு வைத்துவிட்டுப் போன வாழைப்பழத்தை அவளால் தொட முடியவில்லை.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு முன்னால் பிள்ளைகளை விட வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தினாள்.

"நேத்து தனுஜா மகளுக்கு மூச்சு நின்னுச்சு. கண்ணூறு இல்ல. நான் சோம்பல்பட்டுக் கோத்த நூலு."

"நேத்தே ஏன் சொல்லல?" என்றாள் தனுஜா.

"வெக்கமா இருந்துச்சு."

ராசம்மா கத்தரிக்கோலை எடுத்து, மற்றப் பிள்ளைகளின் வளையல்களை ஒவ்வொன்றாக வெட்டினாள். தனுஜா அன்று வேலைக்குப் போகவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு லயத்து வீட்டுக்கே திரும்பினாள்.