ஒரு தட்டு, இரண்டு தட்டு

பஸ்ஸில் எனக்கு முன்னால் யாரோ பச்சை ஏலக்காயை நகத்தால் கீறுகிறார்கள். ஆளைப் பார்க்காமலே சொல்வேன், பறித்து ஒரு நாள்கூட ஆகாத காய். ஈரத்துணியில் சுற்றியிருக்கிறது. காக்கிச் சேலையைக் கழற்றி எத்தனையோ வருஷம் ஆயிற்று. மூக்கு மட்டும் இன்னும் டியூட்டியில்தான் இருக்கிறது.

எழுபதுகளின் நடுவில், உடும்பஞ்சோலைப் பக்கத்து மலைச் செக்போஸ்ட் ஒன்றில் நான் ஒருத்திதான் பெண் போலீஸ். கோயமுத்தூர் எல்லையை ஒட்டிய சித்தூர்ப் பக்கத்து வயக்காட்டிலிருந்து போனவள். தோட்டங்களில் திருடிய ஏலம் பெண்களின் மடியில் ஒளிந்து மலையிறங்கிப் போய்க்கொண்டிருந்த காலம். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும் என்பதால் என்னை அங்கே போட்டார்கள். ஜோடியாக ஒரு கான்ஸ்டபிள். தேயிலை எஸ்டேட் கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் பிறந்தவர், எந்தக் குளிருக்கும் மப்ளர் சுற்றாதவர்.

அவர் வண்டியை மறித்து, சந்தேகப்பட்ட பெண்ணை இறக்கி அனுப்புவார். பலகை அறையில், சாக்குத் திரைக்குப் பின்னால், நான் சோதிப்பேன். முடிந்ததும் பலகையில் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் ஒன்றுமில்லை, போகலாம். இரண்டு என்றால் சரக்கு இருக்கிறது, பிடி. ஒரு தட்டு கேட்டால் அவர் வண்டியின் தகரத்தில் ஒன்று தட்டுவார், வண்டி நகரும். பொழுதெல்லாம் இதுதான். நாங்கள் பேசிக்கொண்டதைவிடத் தட்டிக்கொண்டதே அதிகம்.

செக்போஸ்ட்காரர் மேல் ஒரு காய்கூட இருக்கக் கூடாது என்பது சட்டம். ஏலமலையில் உட்கார்ந்து ஏலம் போடாத டீ குடித்தோம்.

“ஏனுங்க மேடம், கோயமுத்தூர்லயும் டீ இப்பிடித்தான் சப்புன்னு இருக்குமா?” என்பார், என் பேச்சை நக்கலடித்து.

“நான் கோயமுத்தூர் இல்லீங்க, சித்தூருங்க. நூறு தடவ சொல்லியாச்சு.”

“இன்னொருக்கா சொல்லுங்க. கேக்க நல்லாருக்கு.”

டீயைச் சேலையில் சிந்திக்கொண்டேன்.

ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில் எனக்கு இருமல் பிடித்தது. ஒரு காலை, யாரும் பார்க்காதபோது, கைக்குட்டை முடிச்சு ஒன்றை என் கையில் திணித்தார். “எங்க லயத்துக்குப் பின்னால நிக்கிற செடிதான். களவு இல்ல. மென்னுட்டுத் துப்பிருங்க.”

அப்போதே மென்றிருக்க வேண்டும். மெல்லவில்லை. மென்றால் தீர்ந்துவிடும். இடுப்பில் செருகி நாலு நாள் வைத்திருந்தேன். அடுத்தவள் மடியை முகர்கிற நான் என் மடியின் வாசத்தோடு திரிந்தேன்.

ஐந்தாம் நாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். போஸ்ட்டுக்காரர்கள் ஏலத்தைக் கையூட்டாக வாங்குகிறார்கள் என்று புகாராம். ஆண்களை வரிசையில் நிறுத்தித் தடவிப் பார்த்தாயிற்று. என் முறை வந்தது. என்னைச் சோதிக்க இன்னொரு பெண்? பெஞ்சில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், அன்று காலை நானே மடியோடு பிடித்துக் கொடுத்த எஸ்டேட் கூலிக்காரி. இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்துக் கைநீட்டினார். “நீ போய் நோக்கு.”

கிடைத்தால் வேலை போகும். வேலை போனால் மலை போகும். மலை போனால் அந்தத் தட்டுச் சத்தம் போகும். எனக்கு மூன்றாவதுதான் பயம்.

சாக்குத் திரை விழுந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன், நான் மற்றவர்களைத் தூக்கச் சொல்வதுபோல.

“தெனமும் நீ தடவுன, இன்னைக்கு நான்,” என்றவள் நேராக இடுப்புக்கு வந்தாள். அவளுக்குத் தெரியாத ஒளிவிடமா? முடிச்சை எடுத்து முகர்ந்தாள். கைக்குட்டையைத் திருப்பிப் பார்த்தாள். ஆம்பளைக் கைக்குட்டை. என் முகத்தைப் பார்த்தாள்.

“என் மடியில கெடந்தா அது பழைய களவு. உன் மடியில கெடந்தா உன் பொழப்பு போயிரும்,” என்று முணுமுணுத்து, தன் சேலைக்குள் சொருகக் குனிந்தாள். இடம் நெருக்கடி. அவள் முழங்கை பலகையில் இடித்தது. நிமிரும்போது மறுபடி இடித்தது.

இரண்டு தட்டு.

வெளியே அவர் குரல். “சார், உள்ள எது கெடைச்சாலும் அது நான் வச்சது. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

“பாவி மகன்,” என்றாள் அவள். “ரெண்டு நிமிசம் பொறுக்க மாட்டானா?” திரையை விலக்கி வெளியே போய், “ஒண்ணுமில்ல சாரே,” என்றாள். இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். காய் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறு. ஒரே போஸ்ட்டில் அப்படி இரண்டு பேரை வைக்க முடியாது அல்லவா?

அவரைப் பள்ளிவாசல் என்கிற ஊருக்கு மாற்றினார்கள், பவர்ஹவுஸ் காவலுக்கு. ஒரே மலைத்தொடர்தான், பஸ்ஸில் அரை நாள் வழி. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை. பள்ளிவாசல் வழியாகப் போகும் பஸ்ஸில் எத்தனையோ தடவை ஏறி, முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கியிருக்கிறேன். பயமா, ரோஷமா, இன்றைக்கும் பிடிபடவில்லை.

அவர் மாற்றலாகிப் போன அன்று, ஜீப் எங்கள் செக்போஸ்ட்டைத் தாண்டித்தான் போயாக வேண்டும். நான் டியூட்டியில் நின்றேன். அவர் மடியில் டிரங்குப் பெட்டி, முகத்தில் மழைச்சாரல்.

“ரெண்டு தட்டு கேட்டுச்சே,” என்றார்.

“நான் தட்டலீங்க.”

டிரைவர் ஹாரன் அடித்தான்.

“சரி, ஒண்ணு தட்டுங்க மேடம். வண்டி போகட்டும்.”

“எனக்குக் கை வரலீங்க. நீங்களே தட்டிக்கங்க.”