மாப்பிள்ளை ஏற வேண்டிய கார்

சென்ற ஆண்டு தை மாதம், மலேசியாவின் ஜொகூர் மாநிலம் பாசிர் கூடாங்கில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. மறுநாள் காலை என் தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஜொகூர் பாரு கோயிலுக்குப் போக வேண்டிய எங்கள் கார், வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தது. அதற்கு அடியில் என் கணவர் படுத்துக்கொண்டிருந்தார்.

என் கணவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். தங்கமான மனிதர். ஆனால் வீட்டில் எது பழுதானாலும் வெளியாளைக் கூப்பிடுவது அவருக்கு மானப் பிரச்சினை. கைப்பேசியில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, "அட, இவ்ளோதானா?" என்பார். அதைக் கேட்டாலே நான் சாமி அறைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டுக்கொள்வேன். குளியலறைக் குழாயை அப்படித்தான் சரிசெய்தார். அன்று முதல் உலகம் முழுக்கத் திறக்கிற பக்கம் திருப்பினால் எங்கள் வீட்டுக் குழாய் மூடிக்கொள்ளும்.

அதற்கு முந்தைய வருடம் மகளின் பிறந்தநாளுக்குக் கூடத்தில் புது மின்விசிறி மாட்டினார். விருந்தாளிகள் தலைக்கு மேல் அது ஆடிய ஆட்டத்தைப் பார்த்துச் சாப்பிட வந்தவர்கள் எல்லாரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். என் தம்பி சும்மா இருந்திருக்கலாம். அவனுக்குச் சிங்கப்பூரில் ஏர்கான் பொருத்தும் வேலை, ஒயர் சமாச்சாரம் தெரிந்தவன். "மாமா கை வச்சா ஃபேனுக்கே சாமி வந்துடுது லா" என்றான். வீடே சிரித்தது. என் கணவரும் சிரித்தார். ஆனால் அன்று அவர் சாப்பிடவில்லை. அதிலிருந்து மாமனுக்கும் மச்சானுக்கும் "வா", "சாப்பிடு" என்பதைத் தாண்டிப் பேச்சில்லை. நடுவில் கிடந்து தவித்தது நான்தான். எனக்கு இருப்பது ஒரே தம்பி.

அப்படி இருந்தவன், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தபோது தட்டை நீட்டியபடியே, "மாமா, உங்க கார்லதான் நான் கோயிலுக்குப் போகணும். நீங்கதான் ஓட்டணும்" என்றான். மன்னிப்புக் கேட்கத் தெரியாத பையன்கள் இப்படித்தான் கேட்பார்கள். என் கணவர் "பாக்கலாம், பாக்கலாம்" என்று முறைப்பாகச் சொன்னார். அன்று மாலையே காரைக் கழுவி, துடைத்து, முகம் பார்க்கிற அளவுக்கு மெருகேற்றிவிட்டார்.

கண் பட்டதோ என்னவோ, கல்யாண வாரத்தில் கார் படுத்துக்கொண்டது. கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வாசலில் நின்றவர்கள் எல்லாரும் உடனே மெக்கானிக் ஆகிவிட்டார்கள். நாலைந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். வியர்க்க விறுவிறுக்க வளாகத்தை ஒரு சுற்றுத் தள்ளிய பிறகுதான் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "அலமாக்! இது ஆட்டோ கியர் வண்டி லா! தள்ளினா எப்படிங்க ஸ்டார்ட் ஆகும்?" என்றார். தள்ளியவர்கள் எல்லாரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் கோபுரத்தைப் பார்த்தார்.

கடைசியில் டயர் கழற்றும் ஸ்பேனரால், என்ஜினைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டரை இரண்டு தட்டுத் தட்டினார். கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. அந்த இரண்டு தட்டுதான் எங்களைப் பிடித்த சனி. பழுது ஸ்டார்ட்டரில்தான் என்று அவர் மனதில் ஆணி அடித்ததுபோல் பதிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மறுபடி 'டக்'. என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்துப் பரிசோதனை நடத்தினார். "லைட்டப் போடு" என்றார், எரிந்தது. "ஹாரன் அடி" என்றார், தெருவே திரும்பிப் பார்த்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் தன் காரிலிருந்து கேபிள் போட்டு, எங்கள் பேட்டரிக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். அப்போதும் 'டக்'. "பேட்டரி நல்லாருக்கு. ஸ்டார்ட்டர்தான் போயிடுச்சு" என்று என் கணவர் தீர்ப்பு வழங்கினார். பெரியவரும் "ஸ்டார்ட்டர் ரோசாக்" என்று, அது கெட்டுப்போனதை மலாயில் உறுதிசெய்து தலையாட்டிவிட்டுப் போனார்.

"மெக்கானிக்கக் கூப்புடலாம்ங்க" என்றேன்.

"கல்யாண வண்டிய எவனோ ஒருத்தன் கையில கொடுக்கறதா? ரெண்டு போல்ட்டு, ரெண்டு ஒயரு. இவ்ளோதானா?" என்றார். நான் சாமி அறைப் பக்கம் திரும்பினேன்.

பழைய ஜப்பான் கார்களைப் பாதியாக வெட்டி, பாகம் பாகமாக விற்கும் கடைக்குப் போய், இதே ரகக் காரின் ஸ்டார்ட்டர் ஒன்றை வாங்கி வந்தார். பிறந்த குழந்தையைப் போலத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தார். சனிக்கிழமை காலை வேலை தொடங்கியது. பேட்டரியின் தலையிலிருந்து கறுப்பு ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு அடியில் நுழைந்தார். முதல் போல்ட் உடனே வந்தது. இரண்டாவது போல்ட்டை அந்தக் காரைச் செய்தவர்கள் யாரும் கழற்றக் கூடாது என்றே வைத்திருக்க வேண்டும். கை உள்ளே போனது, வெளியே வரவில்லை. நான் சமையல் எண்ணெய் ஊற்றி அவர் கையை மீட்டேன்.

மதியம் தாண்டியதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. வேறு கார் ஏற்பாடு செய்துகொள்ளட்டும் என்று தம்பிக்கு ரகசியமாகப் போன் செய்தேன். வேறு கார் பார்ப்பான் என்று பார்த்தால், அவனே வந்து நிற்கிறான். காப்புக் கட்டிய மாப்பிள்ளை வாசல் தாண்டக் கூடாது. இவனோ கையில் காப்பும் முகத்தில் நலங்கு மஞ்சளுமாக மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். காருக்கு அடியில் இருந்தவர் கண்ணுக்கு முதலில் தெரிந்தது மஞ்சள் பூசிய இரண்டு பாதங்கள்.

"யாரும்மா அது, மாரியாத்தாவா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நான்தான் மாமா" என்றான் தம்பி. அடியிலிருந்து மறுபடி ஸ்பேனர் சத்தம்தான் வந்தது.

ஒரு வழியாகப் புது ஸ்டார்ட்டர் ஏறியது. கறுப்பு ஒயரை மாட்டினார். சாமி கும்பிட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினார்.

'டக்.'

இறங்கி, செருப்பு வைக்கும் பலகைமேல் உட்கார்ந்தார். கை முழுக்கக் கிரீஸ், நெற்றியில் சிராய்ப்பு. தம்பியின் முகத்தைப் பார்க்காமல், "வேற கார் சொல்லிடு மாப்ள" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அந்த மனிதர் அப்படித் தோளைத் தொங்கப் போட்டு நடந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மனம் கேட்காமல், பெரியவரைக் கூப்பிட்டு மறுபடி கேபிள் போட்டோம். இந்த முறை அவர் கார் மறுபக்கம் நின்றதால் கறுப்புக் கேபிள் எங்கள் பேட்டரிவரை எட்டவில்லை. எட்டிய இடத்தில் கடிக்கட்டும் என்று என்ஜினில் துருத்திக்கொண்டிருந்த ஓர் இரும்பில் அதை மாட்டிவிட்டேன். தம்பி சாவியைத் திருப்பினான். கார் சிங்கம் மாதிரி உறுமியது!

நான் கத்தப் போனேன். தம்பி கையால் தடுத்தான். காரை அணைத்து, கேபிளைக் கழற்றிவிட்டுத் திருப்பினான், 'டக்'. மாட்டிவிட்டுத் திருப்பினான், உறுமல். அவனுக்குப் புரிந்துவிட்டது: கறுப்புக் கேபிள் நேராக என்ஜினைத் தொட்டால் மட்டும் கார் கிளம்புகிறது என்றால், கோளாறு பேட்டரியையும் என்ஜினையும் இணைக்கும் எங்கள் கறுப்பு ஒயரில்தான். பேட்டரியிலிருந்து கியர்ப் பெட்டிக்கு இறங்கும் கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனான். அது போல்ட்டில் இறுகும் இடத்தில் டார்ச் அடித்தவன், என்னைப் பார்த்தான். நானும் குனிந்து பார்த்தேன்.

சந்தனம்! கட்டியாகக் காய்ந்து, சுற்றிலும் துருவும் பச்சையும் பூத்து, நடுவில் அழகாக ஒரு குங்குமப் பொட்டு. ஆயுத பூஜைக்கு என் கணவர் என்ஜினை ஒயர் ஒயராகக் கழற்றித் துடைத்து, இரும்பு தெரிந்த இடத்திலெல்லாம் சந்தனம் அப்பி, அதன்மேலேயே முறுக்கிப் பூட்டியிருக்கிறார். அவருடைய கட்டைவிரல் ரேகைகூட அதில் தெளிவாக இருந்தது. மின்சாரம் போகிற வழியைச் சாமி பெயரால் அடைத்துவிட்டு, பாவம், ஸ்டார்ட்டர்மேல் பழி போட்டிருக்கிறார். கோயில் வாசலில் தட்டிய தட்டில் இந்த ஒயர்தான் கொஞ்சம் அசைந்து கொடுத்திருக்கிறது.

நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். தம்பிக்குக் கண்ணில் தண்ணீர் வந்து நலங்கு மஞ்சள் கன்னத்தில் வழிந்தது. பிறகு அவன் ஒயரைக் கழற்றி, உப்புத்தாளால் சந்தனத்தைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி மாட்டினான். கேபிள் இல்லாமலே கார் ஒரே திருப்பில் கிளம்பியது.

சத்தம் கேட்டு என் கணவர் இடுப்பில் துண்டும் தலையில் சோப்பு நுரையுமாக ஓடி வந்தார். "என்ன? என்ன பண்ணீங்க?"

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. குழாய், மின்விசிறி, கார் என்று எல்லாக் கணக்கையும் ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிடலாம். தம்பி என்னை முந்திக்கொண்டான்.

"ஒரு ஒயரு லேசா லூஸு மாமா. முறுக்கிவிட்டேன், அவ்ளோதான். ஸ்டார்ட்டரு சூப்பரா மாட்டியிருக்கீங்க லா."

என் கணவர் அவனையே பார்த்தார். "சாப்ட்டியா மாப்ள?" என்றார். எப்போதும் சொல்கிற அதே சொல்தான். ஆனால் இந்த முறை தட்டு வரும்வரை அவன் பக்கத்திலேயே, நுரை காயக் காய உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் கார் கோயில் வாசலில் போய் நின்றபோது, என் கணவர் மாப்பிள்ளையைவிடக் கம்பீரமாக இறங்கினார். பழைய ஸ்டார்ட்டரை இன்றும் செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறார். வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவார். தம்பி பக்கத்தில் இருந்தால், "மாமா இல்லாட்டி என் கல்யாணமே நடந்திருக்காது" என்று ஒத்து ஊதுவான். ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணம் இப்போது என் பொறுப்பு. "டயருக்கு நீங்க வைங்க, என்ஜினுக்கு நான் வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். என் கணவர் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன், நீங்களும் சொல்லிவிடாதீர்கள். தாலி கட்டியது மறுநாள் காலையில்தான் என்றாலும், என் தம்பி குடும்பஸ்தன் ஆனது என்னவோ முதல் நாள் எங்கள் வீட்டு வாசலில், அந்தக் காய்ந்த சந்தனத்தைச் சத்தமில்லாமல் சுரண்டியபோதுதான் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.